அப்பா முதலில் பார்ப்பது விலைப்பலகையை

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குள் நுழைகிறவர்கள் நேராகக் காய் குவிந்திருக்கும் பக்கம் போவார்கள். அப்பா போகமாட்டார். விலைப்பலகை முன்னால் போய் நிற்பார். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கத்தரிக்காயில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் வாய்க்குள்ளேயே படிப்பார். பின்னால் பையோடு நிற்கிற என்னை யாராவது இடித்துக்கொண்டு போனாலும் அவருக்கு அவசரம் கிடையாது. படித்து முடித்த பிறகுதான், "சரி, வா" என்பார்.

அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. அலங்காநல்லூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு கத்தரியும் மிளகாயும் போட்டவர். அம்மா போன பிறகு மதுரையில் எங்களோடு இருக்கிறார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. வாரநாளில் காய் வாங்குவது வீட்டுக்குப் பக்கத்துக் கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மட்டும் அப்பாவும் நானும் சந்தைக்குப் போவோம். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம்.

மார்கழியில் போனால் வாசலிலேயே பூசணிப்பூ விற்பார்கள். கோலத்தில் சாணி உருண்டை பிடித்து வைப்பதற்கு. காலை ஐந்தரைக்கு இருட்டு இன்னும் முழுதாகப் போயிருக்காது. விளக்கு வெளிச்சத்தில் அந்த மஞ்சள் நிறம் தனியாகத் தெரியும். பறித்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, இதழில் பனி நிற்கும். உள்ளே போனால் பச்சை மொச்சை. தை பிறக்கும் வரைக்கும் மொச்சைதான் ராஜா. தோலோடு கிலோ கணக்கில் ஒரு பக்கம், உரித்தது படியில் அளந்து ஒரு பக்கம். உரித்த மொச்சைக்கு விலை கூடத்தான், ஆனால் அதை விற்கிற அம்மா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து உரித்திருப்பார். அவர் நகக்கண்ணில் இருக்கிற பச்சைக் கறையைப் பார்த்தால் விலை ஏன் கூட என்று கேட்கத் தோன்றாது.

இந்தச் சந்தைக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி இங்கேதான் விவசாயியே நேராக விற்கிற இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன்னால் பஞ்சாபில் 1987-லிருந்து இதே மாதிரி 'அப்னி மண்டி' நடந்துகொண்டிருந்தது. ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்திருந்தது. மதுரையில் தொடங்கி ஒரே வருடத்தில் ஊர் ஊராகப் பரவியது. இடையில் ஆட்சி மாறியபோது பல சந்தைகள் களையிழந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்று மாநிலம் முழுக்க 180-க்கும் மேல் இருக்கின்றன. மதுரையிலேயே பழங்காநத்தம், சொக்கிகுளம், ஆனையூர் என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

அந்தப் பலகை முன்னால் அப்பா ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கத்தரிக்காய் டவுனில் ஒரு கமிஷன் கடைக்குப் போகும். சாயங்காலம் பறித்து, சாக்கில் கட்டி, சாக்கு மேல் சிவப்பு மையில் கடையின் குறியைப் போட்டு, ராத்திரி ஊர் வழியாகப் போகிற லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்பா கூடப் போகமாட்டார். போனால் மறுநாள் தண்ணீர் பாய்ச்ச ஆள் இருக்காது. காய் என்ன விலைக்குப் போயிற்று என்பது மறுநாளோ அதற்கு மறுநாளோ வருகிற சிட்டையைப் பார்த்துத்தான் தெரியும். மெல்லிய காகிதத்தில் கார்பன் எழுத்து. முதல் வரியில் எடை, அடுத்தது விலை. கீழே வரிசையாகக் கழிப்பு: கமிஷன் நூற்றுக்குப் பத்து, இறக்குக்கூலி, லாரி வாடகை, மகமை என்கிற தர்மப் பிடித்தம். கடைசியில் ஒரு தொகை. சாக்கில் கட்டும்போது வீட்டில் போட்ட எடைக்கும் சிட்டையில் இருக்கிற எடைக்கும் எப்போதும் இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் இருக்கும். "காய் வாடிருச்சு" என்பதுதான் பதில்.

பிள்ளைகளில் நான்தான் நன்றாகப் படிப்பேன் என்று சிட்டையை என்னிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொல்வார். நான் சத்தமாக வாசிப்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சில தடவை விலை என்று இருக்கிற இடத்தில் இருக்கிற எண், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அதே கடையில் அதே நாள் வந்த எண்ணைவிடக் குறைவாக இருக்கும். கேட்டால் "உங்க காய் சுமார்தான்" என்பார்கள். கேட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது, ஏனென்றால் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கடன் நிற்கிற வரைக்கும் காய் அங்கேதான் போக வேண்டும். இதைத் தெரிந்தே செய்தார்கள் என்று அப்பா இன்றைக்கும் சொல்வதில்லை. "அவங்களும் இல்லேன்னா அன்னைக்கு விதை வாங்க வழி ஏது" என்பார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. தன் பொருளின் விலையைத் தான் சொல்லவும் முடியாமல், அடுத்தவர் சொல்வதைக் கண்ணால் பார்க்கவும் முடியாமல் முப்பது வருடம் ஒருவர் பயிர் செய்தார் என்பதை நான் அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பலகை. காலையில் எல்லோர் கண்ணுக்கும் எதிரே எழுதி மாட்டியிருக்கிற விலை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே எண்.

விலை எப்படி வருகிறது என்று ஒரு நாள் சந்தை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விடியும் முன்பே மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட்டில் அன்றைய மொத்த விலை என்ன என்று விசாரித்துவிடுவார்கள். வெளிக்கடைகளில் சில்லறை விலை என்ன என்பதும் கையில் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு விவசாயிகளோடு பேசி விலையை முடிவு செய்வார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளியில் விற்கிற சில்லறை விலையைவிட 15 சதவீதம் போலக் குறைவு; கணக்கு அப்படித்தான் ஓடும். நடுவில் கமிஷன் கிடையாது. கடைக்கு வாடகை கிடையாது. எலக்ட்ரானிக் தராசை அலுவலகத்திலிருந்து காலையில் எடுத்துக்கொண்டு போய், விற்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கும் காசு இல்லை.

தராசு விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எடை போடும்போது அவர் காயைப் பார்க்கமாட்டார், எண்ணை மட்டும் பார்ப்பார். எங்களுக்கு எடை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக இல்லை. விற்கிறவர் கொசுறாக இரண்டு காய் சேர்த்துப் போட்டால் அதையும் எண்ணில் பார்த்துவிட்டு, "அம்பது கிராம் கூட இருக்கு, எடுத்துக்கம்மா" என்பார். அவர்கள் எடுக்கமாட்டார்கள். "இருக்கட்டும்யா" என்பார்கள். எல்லா வாரமும் நடக்கிற பேச்சு இது.

கத்தரிக்காய்க் கடைகளில்தான் எங்களுக்கு நேரம் போகும். ஊமச்சிகுளம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார், வரிக் கத்தரி மட்டும்தான் கொண்டுவருவார். கூடவே அந்தந்தப் பருவத்தில் அகத்திக்கீரையோ சீனியவரையோ கொஞ்சம். அப்பா அவர் கடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன தாயி, இது எத்தனாவது பறிப்பு?"

"ஆறாவதுய்யா. பனி விழுந்துச்சுல்ல, காய் பெருக்க மாட்டேங்குது."

"பெருக்காட்டி என்ன. பெருத்தா வெதை வச்சிரும்."

கத்தரிக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை அப்பாவிடம்தான் படித்தேன். முதலில் காம்பு. பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். காம்பை ஒட்டிய தொப்பியில் இருக்கிற முள் விரலில் குத்த வேண்டும். குத்தினால் இன்றைக்குப் பறித்தது. முள் மழுங்கி மடங்கிவிட்டால் இரண்டு நாள் ஆயிற்று. அடுத்தது கனம். ஒரே அளவில் இரண்டு காய் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கனமாக இருப்பது விதை முற்றியது, லேசாக இருப்பது பிஞ்சு. அப்புறம் தோல். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி உடனே மேலே வந்துவிட வேண்டும். இதெல்லாம் பார்த்துவிட்டு, நான் துளை இருக்கிற காயை ஒதுக்கினால் கையைப் பிடித்துவிடுவார்.

"அதையும் எடு. புழு இருந்தா அந்த எடத்த வெட்டி எறி. புழு தின்ன காயின்னா மருந்து கம்மின்னு அர்த்தம்."

காய்த்துளைப்பான் புழு கத்தரிக்குப் பெரிய எதிரி. அதற்குப் பயந்து வாரத்துக்கு ஒரு மருந்து, சில இடங்களில் இரண்டு மருந்து அடிக்கிறார்கள். அப்பாவும் அடித்திருக்கிறார், கையில் உறைகூட இல்லாமல். ஒரு சொத்தை கூட இல்லாமல் பளபளவென்று ஒரே அளவாக அடுக்கி வைத்திருக்கிற காயைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவதில்லை, யோசிக்கிறார். ஊமச்சிகுளம் அக்கா மறைக்காமல் சொல்வார்: "அடிச்சு எட்டு நாளாச்சுய்யா, அடிச்ச கையோட பறிச்சத வெளிய குடுக்கல." இந்த ஒரு பதிலை எந்தக் கடையில், எந்த ஆப்பில் கேட்டு வாங்க முடியும்? விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பதால்தான் கேட்க முடிகிறது. விலை குறைவு என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

தக்காளியும் அப்படித்தான். நாட்டுத் தக்காளி இப்போது குறைந்துவிட்டது. லாரியில் பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி நூறு மைல் போனாலும் நசுங்காத தடித்தோல் ரகம்தான் எங்கும். ஆனால் இங்கே ஒன்றிரண்டு பேர் இன்னும் நாட்டுத் தக்காளி கொண்டுவருகிறார்கள். உருவம் கோணல்மாணலாக, தோள்பட்டையில் வரி ஓடி இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ரசத்துக்கு இரண்டே போதும், புளியைக் குறைத்துக்கொள்ளலாம். இருபது கிலோமீட்டர் மட்டுமே பயணப்பட வேண்டிய காய்க்கு எதற்குத் தடித்தோல்?

மார்கழியில் முருங்கைக்காயைத் தொட முடியாது. பனிக்குப் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கமெல்லாம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கை வந்த பிறகு சித்திரை, வைகாசியில் முருங்கைக்காய் மலிந்து கிடக்கிறது. அதே காய் மார்கழியில் ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்கிற நிலை. பலகையில் அந்த வரியைப் படித்துவிட்டு அப்பா, "தை முடியட்டும்" என்பார். நாங்கள் வாங்குவதில்லை. வீட்டில் என் மகன் சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையா என்று கேட்பான். மரத்துக்கு இது ஓய்வு மாசம் என்று தாத்தாதான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

பேரம் பேசுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் கீரைக்காரம்மாவிடம் ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல உடுப்பு, வெளியில் கார். சிறுகீரைக் கட்டு இரண்டு எடுத்தால் விலையில் ஐந்து ரூபாய் குறையுங்கள் என்கிறார். அந்த அம்மா, "பலகையில போட்ட வெலதான் சார், நான் கூட்டியும் சொல்லல" என்று பொறுமையாகச் சொன்னார். அவர் விடவில்லை. அப்பா பக்கத்தில் போய் நின்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, சண்டை போட்டுவிடுவாரோ என்று. அப்பா அந்த ஆளிடம் மெதுவாக, "தம்பி, கீரை கிள்ளுறதுக்குக் குனிஞ்சா நிமிர நாழியாகும். வெல எழுதித்தான் இருக்கு, குடுத்துட்டு வாங்கிக்கங்க" என்றார். அவர் அப்பாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முழுக்காசையும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் இதை வாசிக்கிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். உழவர் சந்தையில் பேரம் பேசாதீர்கள். பலகையில் இருக்கிற விலையே வெளியைவிடக் குறைவாகப் போட்ட விலை. அதற்கும் கீழே நாம் இழுக்கிற ஐந்து ரூபாய் எந்த வியாபாரியின் லாபத்திலிருந்தும் வருவதில்லை, களை எடுத்த கூலியிலிருந்து வருகிறது. காலை பத்து மணிக்கு மேல் போனால் அவர்களே குறைத்துக் கொடுப்பார்கள், திரும்பச் சுமந்துகொண்டு போக வேண்டாம் என்று. அது அவர்களாகக் கொடுப்பது.

சந்தையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லா ஊர் உழவர் சந்தை பற்றியும் சொல்லப்படுகிற பழைய குறை, இங்கே விற்பதற்கென்று விவசாயிக்குக் கொடுக்கிற அட்டையில் வியாபாரி உட்கார்ந்துவிடுகிறார் என்பது. பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் அப்பா. ஒரு விவசாயியிடம் மூன்று காய் இருக்கும், மிஞ்சினால் நான்கு. அதுவும் ஒரே பருவத்தில் ஒரே மண்ணில் வரக்கூடியதாக இருக்கும். ஒருவரே வெண்டை, பீட்ரூட், மாங்காய், சேனைக்கிழங்கு என்று எட்டு வகை அடுக்கி வைத்திருந்தால், அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கொடைக்கானல் கேரட், சௌசௌ, பீன்ஸ் போன்ற மலைக்காய் வேறு கதை. அது இந்த மண்ணில் விளையாது.

இன்னொன்று, பெண்கள். விற்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். இரண்டு மூன்று மணிக்கு எழுந்து, கிடைக்கிற வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறார்கள். எந்த உழவர் சந்தையாக இருந்தாலும் அவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறையும், இறங்குகிற இடத்தில் நல்ல வெளிச்சமும்தான். திட்டம் தொடங்கியபோது விடிகாலையில் கிராமங்களிலிருந்து அரசுப் பேருந்து விட்டார்கள், காய் மூட்டைக்குச் சுமைக்கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துதான் இந்தச் சந்தையின் பாதி உயிர் என்று நான் நினைக்கிறேன். ஒரு கூடைக் காய் வைத்திருக்கிறவர் தனியாக வண்டி பிடித்து வர முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வாடகைக்கு எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அந்த நாலு பேரும் ஒரே நாளில் பறிக்க வேண்டும்.

என் சித்தப்பா மகன் வாடிப்பட்டி பக்கம் அரை ஏக்கரில் பந்தல் போட்டிருக்கிறான். புடலை, பாகல். போன வருடம் வரைக்கும் அவனும் மண்டிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். "அக்கா, எனக்கு அட்டை வாங்கிக் குடுக்க முடியுமா" என்று கேட்டபோது, வாங்கிக் கொடுக்க நான் யார், நீயே வாங்கலாம் என்று சொல்லி விவரம் கேட்டுக் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, சிட்டா, அடங்கல், புகைப்படம், விண்ணப்பம். அவனுக்கு வர முடியாத நாளில் மனைவி வரலாம் என்பதற்காக அவள் படமும் சேர்த்து. அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து பந்தலைப் பார்த்து, என்ன பயிர், எவ்வளவு இடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அட்டையில் அவன் படம், நிலத்தின் விவரம், பயிரின் பெயர் எல்லாம் இருக்கிறது. அதை வாட்ஸப்பில் அனுப்பினான். அப்பா கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் முதல் முதலாகச் சந்தைக்கு வந்த ஞாயிறு நாங்கள் இருவரும் விடியும் முன்பே போய்விட்டோம். அறுபது கிலோ புடலை கொண்டுவந்திருந்தான். குட்டைப் புடலை, சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை வரி, நுனியில் இன்னும் காய்ந்த பூ ஒட்டியிருந்தது. தம்பி மனைவி பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து ஒரே அளவாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கூச்சம். யாராவது எதிரே வந்து நின்றால் எழுந்து நின்றுவிடுகிறான். "உக்காந்து யாவாரம் பாருடா" என்று அப்பாதான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். முதல் எடையை அப்பாவே வாங்கினார், ஒரு கிலோ. காசு வேண்டாம் பெரியப்பா என்றான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்து நோட்டை எடுத்து அவன் கையில் வைத்து, "போணி. கண்ணுல ஒத்திக்க" என்றார்.

ஒன்பதரைக்கெல்லாம் சாக்கு காலி. அன்றைக்குப் பலகையில் புடலை கிலோ 24. மண்டியில் 20. அவன் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினான். மண்டிக்கு அனுப்பியிருந்தால் 1,200 ரூபாய் விலை போயிருக்கும்; கமிஷன் 120, கூலியும் வாடகையும் சேர்த்து நூற்றுக்கு மேல், கையில் ஆயிரத்துக்குக் குறைவு, அதுவும் சிட்டை வந்து, காசு வந்து, பழைய பாக்கி கழித்து. இங்கே 1,440, அப்போதே, மடியில். வண்டிக்கு அவன் பங்கு போனாலும் வித்தியாசம் முந்நூறு, முந்நூற்றைம்பது நிற்கும். அவனும் மனைவியும் ராத்திரி இரண்டு மணியிலிருந்து போட்ட உழைப்பு அதற்குள் அடக்கம், அதையும் மறக்கக் கூடாது. பந்தல் முழுக் காய்ப்பில் நிற்கும்போது நானூறு, ஐந்நூறு கிலோ வரும். அவ்வளவையும் இங்கே உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்க முடியாது. அப்போது மண்டிக்குத்தான் போக வேண்டும். அவனுக்கும் அது தெரியும். ஆனால் இனி மண்டிக்குப் போன் போடும்போது இன்றைக்கு விலை என்ன என்று அவன் கேட்கப்போவதில்லை, அவனுக்கே தெரிந்திருக்கும்.

நீங்கள் மதுரைக்காரராக இருந்தால் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், ஏழரைக்கு மேல் நல்ல கீரை இருக்காது. சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள். பலர் இப்போது க்யூஆர் அட்டை வைத்திருந்தாலும் வயதானவர்கள் காசாக வாங்கத்தான் விரும்புகிறார்கள். துணிப்பை இரண்டு வேண்டும், மொச்சைக்குத் தனியாக ஒன்று. வெளியூர்க்காரராக இருந்தால் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள், அநேகமாக இருக்கும்.

அடுத்த வாரம் பாகல் முதல் பறிப்பு என்று தம்பி சொல்லியிருக்கிறான். நீள ரகம் இல்லை, மிதிபாகல். அப்பா ஐந்து கிலோ சொல்லி வைத்துவிட்டார். வீட்டில் நாலு பேர், அதில் இருவர் பாகற்காய் தொடமாட்டார்கள், ஐந்து கிலோவை என்ன செய்வது என்று கேட்டேன். வற்றல் போடலாம் என்கிறார், வெயில் இருக்கிறதா என்று மொட்டை மாடியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார்.